ஊர்க்கட்டும் கைக்கட்டும்

மாதையனுக்கு இடது கை மேலே வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. தோளுக்குக் கொஞ்சம் கீழே ஓர் இடம் கொழுக்கட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. தொட்டால் உயிர் போனது. உடம்பு வேறு அனலாகக் கொதித்தது. அதையெல்லாம்கூட அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பார். சட்டைக்குள் கையை நுழைக்க அவர் படும் பாட்டைச் சின்னத்தாயி வாசப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளே, அதுதான் வம்பாகப் போயிற்று.

"ஏனுங்க, ஒரு சட்டையப் போடறதுக்கு இத்தன நேரமா? கையில என்னங்க?"

"ஒண்ணுமில்ல புள்ள. நீ போயி கஞ்சியப் பாரு."

"ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்படிக் கோணுது? நீங்களா சொல்றீங்களா, நான் தொட்டுப் பாக்கட்டுமா?"

"தொடாதே!" என்று அலறியவர், சட்டென்று குரலை இறக்கினார். "நேத்து ஓடைப் பாறையில பாசி வழுக்கிருச்சு. வுழுந்துட்டேன்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். ஓடை கிழக்கே இருக்க, அவர் கை காட்டியது மேற்கே.

வழுக்கியதாவது, விழுந்ததாவது! நேற்று மத்தியானம் மலை டவுனில், ஒண்டிக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தலையில் துண்டைப் போட்டு மூஞ்சியை மறைத்துக்கொண்டு, பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடந்த முகாமுக்குள் புகுந்து, கொரோனா ஊசியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது, ஊர் உலகமே போட்டுக்கொள்கிறதே என்று கேட்பீர்கள். ஊர் உலகம் போட்டுக்கொள்ளலாம். மாதையன் போடக் கூடாது. ஆலங்கொல்லையில் ஒருத்தரும் ஊசி போடக் கூடாது என்று ஊர்க்கட்டு போட்டவரே அவர்தான்.

ஆலங்கொல்லை, சேர்வராயன் மலையின் பின்சரிவில் இருக்கிற சின்ன ஊர். காப்பியும் மிளகும் கொய்யாவும்தான் பிழைப்பு. மாதையன் அதற்கு ஊர்க்கவுண்டர், அதாவது ஊர்த்தலைவர். ஆனி மாதத் தொடக்கத்தில் கீழேயிருந்து ஒரு சுகாதார அதிகாரி ஜீப்பில் வந்து, ஊர் நடுவில் மைக் கட்டிக் கூட்டம் போட்டார். ஊசி போடலாமா கூடாதா என்று ஊரே இரண்டுபட்டுக் கிடந்த நேரம்.

"போட்டா ரெண்டு வருசத்துல ஆளு காலின்னு போன்ல வருதுங்களே சார்?" என்று கேட்டான் உள்ளூரில் வாடகை ஜீப் ஓட்டும் ஜெயபிரகாஷ்.

"போடாட்டி ரெண்டு வாரத்துல காலின்னு டிவியில வருதே, அதுக்கென்ன சொல்ற?" என்றாள் சின்னத்தாயி.

"அந்தக் காலத்துல அம்மை வந்தப்ப ஊரச் சுத்தி வேப்பந்தழ கட்டினோம். ஒரு பய ஊசி போடல" என்றார் எலும்பு வைத்தியர் மாரிசாமி.

"அப்ப செத்தவங்கள எண்ணினீங்களா?" என்று சின்னத்தாயி அவரையும் விடவில்லை.

பேச்சு நல்ல சூட்டில் போய்க்கொண்டிருந்தது. உள்ளதைச் சொன்னால், இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் ஊர் ஊசிப் பக்கம் சாய்ந்திருக்கும். மாதையனே அந்த நினைப்பில்தான் இருந்தார். அப்போது பார்த்து அதிகாரி தன் டிரைவர் பக்கம் திரும்பி, "இந்த மலையாளுங்களுக்கு என்ன சொன்னாலும் மண்டையில ஏறாதுப்பா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். எதிர்மலையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவனுக்கும் கேட்டது.

மாதையன் எழுந்தார். போய் மைக்கைப் பிடுங்கினார்.

"மண்டையில ஏறாதவனுக்குக் கையில மட்டும் எப்படிங்க ஏறும்? பொட்டியக் கட்டிக்கிட்டுக் கெளம்புங்க. எங்களப் பேசினது பேசினதுதான். நீங்க இதே மலையேறி வந்து மன்னிப்புக் கேக்கறவரைக்கும் ஆலங்கொல்லையில ஒரு கை ஊசிக்கு நீளாது!"

விசில் பறந்தது. கைதட்டல் காதைப் பிளந்தது. ஊசி போடலாம் என்றவர்களும் கூடாது என்றவர்களும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டார்கள். அன்றைக்கே சூடம் கொளுத்தி மலைச்சாமி சேர்வராயன்மேல் சத்தியம் பண்ணினார்கள். கட்டை மீறியவன் ஊருக்கே கிடாச்சோறு போட வேண்டும். வருஷம் பூராவும் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார வேண்டும். அவன் பேச்சு சபை ஏறாது.

ஊர் கட்டுக்கு நின்ற அழகைப் பார்த்து மாதையனுக்கு மார்பு விம்மியது. அந்த ஆனியில் ஊரில் பாதிப் பேருக்கு மழைக்காய்ச்சல் வந்து, கை கால் வலியோடு முக்கிக்கொண்டு கிடந்தார்கள். அப்போதுகூட ஒருத்தர் ஊசிப் பேச்சை எடுக்கவில்லை. கிராம நர்ஸ் இலக்கியா, காப்பி எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து படித்து வந்த பெண், வாரம் தவறாமல் ஐஸ் பெட்டியோடு ஊருக்குக் கீழே ஓடைக்கரையில் வந்து உட்காருவாள். அவள் வரும் நாளில் ஊரே காலி. அவள் மூஞ்சியில் முழிக்கக்கூடப் பிடிக்காமல் ஆணும் பெண்ணும் விறகுக்குப் போய்விடுவார்கள். என்ன வைராக்கியம் என்று மாதையன் தனியாக உட்கார்ந்து மெச்சிக்கொள்வார்.

இப்படி மூன்று மாசம் இருந்த மனுஷனைத்தான் ஐயாக்கண்ணுவின் சாவு அடித்துப் போட்டது.

ஐயாக்கண்ணு பக்கத்து ஊர். சின்னத்தாயியின் அக்காளைக் கட்டியவர். இரண்டு பேரும் சகலை என்பதைவிடக் கூட்டாளி என்பதுதான் பொருத்தம். போன வாரம் இருமிக்கொண்டு சேலத்துக்குப் போனவர், பாலித்தீன் சுற்றிய பொட்டலமாகத் திரும்பி வந்தார். மூஞ்சியைக் காட்ட மாட்டோம் என்றுவிட்டார்கள். மாதையன் கெஞ்சினார், கத்தினார், ஆம்புலன்ஸ் முன்னால் படுத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. நாலு முழ தூரத்தில் நின்று, எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால் என்று தெரியாமலே கும்பிட்டுவிட்டு வந்தார்.

அன்றைக்கு அவருக்குப் பயம் பிடித்தது. அப்பட்டமான சாவுப் பயம். சின்னத்தாயியை விட்டுவிட்டு இப்படிப் பொட்டலமாகப் போய்விடுவோமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அதற்குமேல் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

முகாமில் ஊசியும் கையுமாக நின்றது அதே இலக்கியா. மாதையனுக்குக் கால் பின்னால் போயிற்று. அவள் மாஸ்க்குக்கு மேலே கண்ணை விரித்தாள்.

"கவுண்டருங்களா! வாங்க, உக்காருங்க."

"அம்மிணி, உன்னக் கையெடுத்துக் கும்பிடறேன். எங்க ஊருல ஒரு ஈ காக்காய்க்கித் தெரியக்கூடாது."

"எங்கிட்ட வந்த பேச்சு எங்கிட்டயே இருக்குமுங்க. கையத் தளர வுடுங்க."

"சாமிகுத்தம் வருமா கண்ணு?"

"காச்சல் வருமுங்க. ரெண்டு மாத்தர தாறேன்."

ஊசியைவிட அதற்குப் பின்னால் வந்த நினைப்புத்தான் அதிகம் குத்தியது. ஊரைக் கட்டிப்போட்டுவிட்டு நான் மட்டும் பிழைத்துக்கொண்டேனே, நாளைக்கு அதுகளில் ஒன்று பொட்டலமாக வந்தால் எந்த மூஞ்சியோடு நிற்பேன் என்று பஸ்ஸில் வரும்போதே கண் கலங்கினார். சரி, கதைக்கு வருவோம்.

பாறையில் விழுந்தேன் என்று சொன்னால் சின்னத்தாயி சும்மா இருப்பாளா? அவர் கஞ்சி குடித்து முடிப்பதற்குள் மாரிசாமியைக் கையோடு கூட்டிவந்துவிட்டாள். மாரிசாமிக்குக் கை கிடைத்தால் போதும். ஒரு பிடி பிடித்தார். சரியாக ஊசி குத்திய இடத்தில்தான் அவருடைய கட்டைவிரல் போய் உட்கார்ந்தது.

மாதையன் போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த கோழி கீழே குதித்தது.

"ரெண்டு எடத்துல முறிஞ்சிருக்குது" என்றார் மாரிசாமி, கண்ணை மூடிக்கொண்டு.

"முறிவெல்லாம் இல்லீங்க மாரிசாமி. சும்மா ரத்தக்கட்டு."

"வைத்தியன் நீங்களா நானா?"

முறிவு இல்லை என்று அடித்துச் சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். மாதையன் கையை நீட்டிக் கொடுத்துவிட்டார். மாரிசாமி மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்துமாவும் அப்பி, தோளிலிருந்து விரல்வரை துணி சுற்றிக் கழுத்தோடு தொட்டில் கட்டிவிட்டுப் போனார். வீங்கிய இடம் உள்ளே வெந்துகொண்டிருந்தது. போகட்டும், சட்டையைக் கழற்றி யாரும் பார்க்க முடியாதல்லவா, அதுவரைக்கும் லாபம் என்று மாதையன் நினைத்தார். அங்கேதான் அவர் தப்புக் கணக்குப் போட்டார்.

சாயங்காலம் ஜெயபிரகாஷ் வீட்டுக்கு வந்தான். கட்டை மேலும் கீழும் பார்த்தான்.

"கவுண்டரே, நேத்து ஒண்டிக்கடையில பஸ்ஸ வுட்டு எறங்கினீங்களே, நான் பாத்தேன். தலையில துண்டப் போட்டுக்கிட்டு எங்கியோ வெரசலாப் போனீங்க. வூட்டுல பாறையில வுழுந்தேன்னு சொல்லியிருக்கீங்க. நெசமாச் சொல்லுங்க, யாரு அடிச்சது?"

"யாருடா என்னய அடிக்கப் போறாங்க?"

"அந்த ஆபீசரு ஆளுங்கதானே? ஊசி போடலைன்னு கூப்பிட்டு வெச்சுக் கைய ஒடிச்சுட்டானுக. ஊரு கொந்தளிக்குமேன்னு நீங்க மறைக்கறீங்க."

"அய்யோ சாமி, அப்படியெல்லாம் இல்லடா! சத்தியமா..."

சத்தியமா என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஏற்கனவே ஒரு சத்தியம் கையில் வீங்கிக்கொண்டிருந்தது.

அவர் பாதியில் விழுங்கியதை ஜெயபிரகாஷ் வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். "பாத்தீங்களா, வாயத் தொறக்கவே பயப்படறாரு. அந்த அளவுக்கு மெரட்டி வெச்சிருக்கானுக!" என்று சின்னத்தாயியிடம் சொல்லிவிட்டுப் போனை எடுத்து, கட்டுப் போட்ட கையைப் படம் பிடித்து, "ஊசி வேண்டாமென்ற ஊர்க்கவுண்டரின் கையை ஒடித்தது யார்?" என்று எழுதிப் போட்டுவிட்டான். மலை முழுக்கப் போயிற்று. வாழவந்தியில் பார்த்தார்கள், நாகலூரில் பார்த்தார்கள். சேலத்திலிருந்து இரண்டு சேனல்காரர்கள் கூப்பிட்டார்கள்.

மறுநாள் காலையில் ஆலங்கொல்லையே திரண்டு ஒண்டிக்கடையில் ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. மலைமேல் ஏரியைப் பார்க்க வந்த சுற்றுலாக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. சேலம் பஸ் நகர வழியில்லை. ஜெயபிரகாஷின் ஜீப் முன்சீட்டில், கட்டுப் போட்ட கையோடு மாதையனை உட்கார வைத்திருந்தார்கள்.

"ஒடிக்காதே ஒடிக்காதே!"

"கவுண்டர் கையை ஒடிக்காதே!"

கோஷத்தில் எல்லோரையும்விடச் சின்னத்தாயியின் குரல்தான் மேலே நின்றது. மாதையன் ஜீப்பில் எழுந்து நின்று, "அட, யாரும் ஒடிக்கலைங்க! எந்திரிங்க, போலாம்!" என்று கத்திப் பார்த்தார்.

"எங்களுக்கு ஒரு தொந்தரவு வரக்கூடாதுன்னு இத்தன வலியிலயும் பேசறாரு பாருங்க!" என்று மாரிசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் இன்னும் கொதித்தது.

இதற்குள் விஷயம் மேலிடம்வரை போய், அந்தச் சுகாதார அதிகாரியே வேர்க்க விறுவிறுக்க வந்து இறங்கினார். பின்னாலேயே ஒரு ஆம்புலன்ஸ்.

"ஐயா, உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன். அன்னைக்குப் பேசினது தப்புதான். அதுக்கு எங்க வேணா மன்னிப்புக் கேக்கறேன். ஆனா கைய ஒடிச்சேன்னு மட்டும் சொல்லாதீங்க, வேல போயிரும். வாங்க, ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துரலாம்."

எக்ஸ்ரே என்றதும் மாதையன் வலது கையால் கட்டைப் பொத்திக்கொண்டார். எலும்பு முழுசாக இருக்கிறது என்று தெரிந்தால், கட்டு எதற்கு என்பார்கள். கட்டைப் பிரித்தால் வீக்கம். வீக்கத்தின் நடுவில் புள்ளி.

"எக்ஸ்ரே எல்லாம் வேண்டாம்" என்றார். "அதுல கரண்டு இருக்குது."

"பின்ன எப்படிங்க நிரூபிக்கறது?"

இந்த இடத்தில்தான் மாதையன் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார். எப்படியாவது ரோட்டிலிருந்து ஊரைக் கிளப்பினால் போதும் என்ற அவசரத்தில், "சேர்வராயன் கொகையில போயி சத்தியம் பண்றேன், என்ன யாரும் அடிக்கலைன்னு. அத நம்புவீங்கதானே?" என்றார். அது உண்மைதானே, உண்மையைச் சத்தியம் பண்ணச் சாமியிடம் என்ன பயம் என்பது அவருடைய எண்ணம்.

மறியல் கலைந்தது. ஜீப்பும் ஆம்புலன்ஸும் நடையாளுமாக ஊர்வலம் சேர்வராயன் கோயில் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. மேகம் இறங்கி வந்து ஆளை ஆள் தெரியாமல் பண்ணிக்கொண்டிருந்தது. முதல் காரியமாக அதிகாரி குகை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஊரைப் பார்த்துக் கை கூப்பினார்.

"மண்டையில ஏறாதுன்னு சொன்னது என் மண்டக் கனம். மன்னிச்சுக்குங்க."

ஊர் ஓவென்று சத்தம் போட்டது. மாதையனுக்கு மட்டும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இந்த மன்னிப்புக்காகத்தானே ஆனியிலிருந்து காத்திருந்தது! இன்னும் இரண்டு நாள் பொறுத்திருந்தால் ஊரோடு சேர்ந்து, தலையில் துண்டில்லாமல், ராஜாவாட்டம் போய் ஊசி போட்டுக்கொண்டிருக்கலாம்.

குகை தாழ்ந்த குகை. ஆள் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். பூசாரி விளக்கைத் தூண்டிவிட்டு வெளியே வந்தார்.

"கவுண்டரே, மொற தெரியுமில்ல? எந்தச் சத்தியம் பண்றதா இருந்தாலும், 'நான் சாமி பேருல போட்ட கட்டு எதையும் மீறல'ன்னு மொதல்ல சொல்லோணும். அப்புறந்தான் மத்தது."

மாதையன் அப்படியே நின்றுவிட்டார். முப்பது வருஷமாக எத்தனை பேரை இந்த வாசலில் நிறுத்திச் சத்தியம் வாங்கியிருக்கிறார். அந்த முறை இன்றைக்கு மறந்து தொலைத்தது.

அதிகாரிக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. "அவரு மட்டும் ஏனுங்க? நாளைக்கு வேற ஒருத்தர் வந்து அடிச்சாங்கம்பீங்க. ஊரே உள்ள போயி சத்தியம் பண்ணிருங்களேன். எனக்கும் நிம்மதி."

சட்டென்று ஊரில் ஒரு சலசலப்பு.

"எனக்கு முட்டி வலிங்க, குனிய முடியாது" என்றார் மாரிசாமி.

"ஜீப்ப யாரு பாத்துக்கறது? கொரங்கு சீட்டக் கிழிச்சுரும்" என்றான் ஜெயபிரகாஷ்.

"எனக்குக் கொகைக்குள்ள மூச்சு முட்டுமுங்க" என்றாள் சின்னத்தாயி. "எங்க ஊட்டுக்காரரு ஒருத்தர் சத்தியம் பண்ணினா ஊரே பண்ணின மாதிரி."

"ஆமாமா! கவுண்டரு மட்டும் போதும்!" என்று மொத்த ஊரும் ஒரே குரலில் சொன்னது.

இத்தனை நம்பிக்கையா என்மேல்! மாதையன் ஊரை ஒரு சுற்றுப் பார்த்தார். இந்த ஜனங்களை ஏமாற்றிவிட்டு, சாமி முன்னாலும் பொய் சொல்லிவிட்டு, நான் ஒரு மனுஷனா? ஐயாக்கண்ணுவின் பொட்டலம் கண்ணுக்குள் வந்து நின்றது. போதும் என்று தோன்றியது. அவர் குகைக்குள் போகவில்லை. அங்கேயே வாசலில் நின்று, கழுத்துத் தொட்டிலை அவிழ்த்து எறிந்தார். துணியைப் பிய்த்தார். மூங்கில் பத்தைகள் அதிகாரியின் காலடியில் போய் விழுந்தன.

"பாத்துக்குங்க! கை ஒடியல. பாறையிலயும் வுழுகல. ஊசி போட்ட வீக்கம் இது. ஆமா, போட்டுக்கிட்டேன்! நான் போட்ட கட்ட நானே மீறினேன். என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க!"

வீங்கிய கையை ஊர்ப் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பயந்து போட்டேன். என் கூட்டாளி மூஞ்சியக் கடசியா ஒருக்காப் பாக்க வுடாத நோய்க்குப் பயந்து போட்டேன். அதுக்கு வெக்கப்படல. உங்கள எல்லாம் போடாம தடுத்தனே, அதுக்குத்தான் வெக்கப்படறேன். நான் தப்பிச்சுக்கிட்டேன், நீங்க அம்புட்டுப் பேரும் வெறுங்கையோட நிக்கறீங்க. என் ரோசத்துக்கு உங்க உசுர அடமானம் வெச்சுட்டேன். அந்தக் கட்டு இன்னையோட ஒடிஞ்சுது. இனி சேர்வராயனே வந்து கூடாதுன்னாலும் கேக்காதீங்க, நாளைக்கே போயிப் போட்டுக்குங்க. சாமிகுத்தம் வந்தா எனக்கு வரட்டும்!"

சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அழுவார்கள், திட்டுவார்கள், ஒருத்தனாவது அடிக்க வருவான் என்று எதிர்பார்த்தார். ஊரோ அவரைப் பார்க்கவே இல்லை. ஜெயபிரகாஷ் மாரிசாமியைப் பார்த்தான். மாரிசாமி சின்னத்தாயியைப் பார்த்தார். சின்னத்தாயி தரையைப் பார்த்தாள். அவர்களுக்குப் பேரிடியாகத்தான் இருக்கும் என்று மாதையன் எடுத்துக்கொண்டார்.

கடைசியில் மாரிசாமிதான் தொண்டையைக் கனைத்தார்.

"இருந்தாலும் கட்டுன்னா கட்டுதானுங்களே. ஆபீசரு மன்னிப்புக் கேக்கறதுக்கு முன்னால போட்டிருக்கீங்க. அதுல ஒரு பைசா கொறைக்க முடியாது."

"கொறைக்க வேண்டாம்" என்றார் மாதையன். "அதுசரி, ரெண்டு எடத்துல முறிவுன்னீங்களே?"

"ஊசி குத்தினதுல எலும்பு நவுந்திருந்துச்சு."

"ஊரக் கட்டிக் காக்க வேண்டிய ஆளே இப்படிப் பண்ணினா, நாங்க யார நம்பறது கவுண்டரே?" என்று ஜெயபிரகாஷ் குரல் தழுதழுக்கக் கேட்டான்.

சின்னத்தாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விசும்பினாள். "தாலி கட்டின பொண்டாட்டிகிட்டக்கூட மறைக்க எப்படிங்க மனசு வந்துச்சு? நானா இருந்தா மறைச்சிருப்பனா?"

அந்த ஒரு கேள்விதான் அவரைத் தலைகுனிய வைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலங்கொல்லையில் கிடாச்சோறு. மாதையன் தன் பட்டியிலேயே கொழுத்த இரண்டு கிடாய்களைப் பிடித்துக் கொடுத்தார். காலையிலிருந்தே ஊர் முழுக்க மிளகுக் குழம்பு வாசனை. பந்தி விரித்தார்கள். தலைவாழை இலைக்கு முன்னால், ஊர்க்கவுண்டர் இடத்தில் மாரிசாமி உட்கார்ந்தார். மாதையன் கடைசி வரிசையில், வேலியோரம், நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கறி நல்லா வெந்திருக்குது" என்றார் மாரிசாமி, எலும்பை உறிஞ்சிக்கொண்டே. "துரோகம் பண்ணினாலும் கெடா நல்ல கெடா."

"எனக்கு நெஞ்சுல எறங்கவே மாட்டேங்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே ஜெயபிரகாஷ் மூன்றாவது தடவை இலையை நீட்டினான். "நம்ம கவுண்டரா இப்படிப் பண்ணினாருன்னு நெனச்சாலே... அந்த ஈரலக் கொஞ்சம் இந்தப் பக்கம் போடுங்க."

சின்னத்தாயி புருஷனுக்கு மட்டும் குழம்பில் கறி இல்லாமல் ஊற்றிவிட்டு, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனாள். மாதையன் வெறும் குழம்பைச் சோற்றில் விட்டுக்கொண்டார். ஆனால் மனசு என்னவோ லேசாக இருந்தது. இன்றைக்கு என்னைத் திட்டட்டும், நாளைக்கு இதுகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றுக்கும் ஊசி போடாமல் விட மாட்டேன், முரண்டு பிடித்தால் தூக்கிக்கொண்டு போவேன் என்று கறுவிக்கொண்டே சோற்றைப் பிசைந்தார்.

அப்போது ஓடைப் பக்கமிருந்து ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு இலக்கியா மேலேறி வந்தாள். ஊருக்குள் அவள் காலெடுத்து வைப்பது ஆனிக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அவளைக் கண்டதும் பந்தியில் மெல்லும் சத்தம் நின்றது. ஜெயபிரகாஷ் இலையை மறைத்துக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினான். மாரிசாமிக்குப் புரையேறியது. சின்னத்தாயி அகப்பையோடு அவள் பக்கம் ஓடினாள்.

மாதையன் எச்சில் கையோடு எழுந்து நின்றார். "வா கண்ணு, நல்ல நேரத்துல வந்த! நான் எல்லாத்தையும் ஒடச்சுச் சொல்லிட்டேன். இனி ஒளிவுமறைவு ஒண்ணுமில்ல. இவங்க மொரண்டு பிடிப்பாங்க, நீ வுடாதே. ஆர மொதல்ல புடிக்கட்டும், சொல்லு!"

"கேள்விப்பட்டனுங்க. கவுண்டருக்கு மட்டும் தெரியக்கூடாதுன்னு ஆளாளுக்கு எங்கிட்டச் சத்தியம் வாங்கினாங்க, இனி எனக்கும் பாரமில்ல" என்று இலக்கியா பெட்டியை இறக்கி வைத்து, பந்தியை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை பார்த்து நிம்மதியாகச் சிரித்தாள். "நீங்க உக்காந்து சாப்புடுங்க கவுண்டரே, ஊரு மொத்தத்துக்கும் ரெண்டாவது ஊசிக்கு நாள் வந்துருச்சு, உங்களுக்கு மட்டுந்தான் இன்னும் நாளிருக்குதுங்க!"